அசதியை அளப்பது யாருக்காக?

(சிதம்பரத்தில் மாணவர்கள், பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த அரங்கில் முதலில் களைத்துப்போகப் போவது நீங்கள் இல்லை, நான்தான். இத்தாலியில் டூரின் நகரத்து உடலியல் பேராசிரியர் ஆஞ்செலோ மோசோ இதை 130 ஆண்டுகளுக்கு முன்பே அளந்து பார்த்துவிட்டார். நடுவிரலில் ஒரு கயிறு, அதன் மறுமுனையில் ஒரு எடை. விரலை மடக்கி மடக்கி அந்த எடையைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு உயரம் தூக்கினோம் என்பது சுழலும் உருளையில் கோடாகப் பதியும். எர்கோகிராஃப் என்று பெயர். மோசோ தம்மோடு வேலை பார்த்த ஒருவரை, மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போகுமுன்னும் நடத்திவிட்டு வந்த பின்னும் இந்தக் கருவி முன்னால் உட்கார வைத்தார். தேர்வு முடிந்து வந்தவரின் விரல் பழையபடி தூக்க மறுத்தது. நாள் முழுக்க அவர் செய்தது கேள்வி கேட்டது மட்டும்தான். 1891ல் வந்த மோசோவின் 'களைப்பு' என்ற நூலில் இந்தக் கோடுகளைப் பார்க்கலாம். வைவா நடத்திப் பழகிய பேராசிரியர்கள் சிலர் இங்கே தலையாட்டுவது தெரிகிறது.

உடம்பு களைத்தால் வியர்வை தெரியும், மூச்சு வாங்குவது தெரியும். மூளை களைத்தால் என்ன தெரியும்? அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பலரைப் பிடித்து ஆட்டிய கேள்வி இது. ஜெர்மனியில் பிரெஸ்லாவ் நகர நிர்வாகத்துக்கு ஒரு சந்தேகம்: காலையில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் பாடம் நடத்தினால் பிள்ளைகளின் மூளை தாங்குமா? ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற உளவியலாளரிடம் கேட்டார்கள். அவர் ஒரு சோதனையை உருவாக்கி 1897ல் வெளியிட்டார். ஒரு பத்தியில் அங்கங்கே சொற்களையும் அசைகளையும் எடுத்துவிட்டு, பிள்ளைகளை நிரப்பச் சொன்னார். ஆமாம், நாம் எல்லோரும் பள்ளியில் எழுதிய 'கோடிட்ட இடத்தை நிரப்புக'வேதான். அதற்கு இப்படி ஒரு பூர்வீகம் இருக்கிறது.

அந்தச் சோதனை சோர்வைச் சரியாகக் காட்டவில்லை. எந்தப் பிள்ளை கெட்டிக்காரன், எவன் பின்தங்கியவன் என்பதைத்தான் நன்றாகக் காட்டியது. பள்ளி நேரம் நீளமா என்று கேட்கப் போய், பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் கருவியோடு திரும்பி வந்தார்கள். இன்று நான் சொல்ல வந்ததன் கரு இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. அமைப்பைக் கேட்ட கேள்வி, வழியில் எங்கேயோ ஆளைக் கேட்கிற கேள்வியாக மாறிவிடுகிறது. மூளையலையும் கண்ணசைவும் நம் கைக்கு வந்துவிட்ட இந்தக் காலத்தில் அதே திருப்பம் இன்னும் வேகமாக நடக்கிறது.

நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜப்பானியப் பெண் ட்சுரு அராய், 1912ல் வெளிவந்த ஆய்வுக்காகத் தன் மூளையையே சோதனைக்கு வைத்தார். நான்கு இலக்க எண்ணை நான்கு இலக்க எண்ணால், காகிதம் பேனா இல்லாமல், மனதுக்குள் பெருக்க வேண்டும். காலை 11 மணி முதல் இரவு 11 மணி வரை. நான்கு நாள். கடைசியில் அதே கணக்குக்கு ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடித்தது, ஆனாலும் போட்டு முடித்தார். களைத்த மூளை சட்டென்று நின்றுவிடுவதில்லை, இழுத்துக்கொண்டு போகும். ஆபத்தே அங்கேதான். நின்றுபோனால் வண்டியை ஓரங்கட்டிவிடலாமே.

அதைவிடப் பெரிய சிக்கல், களைத்தவருக்குத் தன் களைப்பு தெரியாமல் போவது. 2003ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் ஆட்களை 14 நாள் ஆய்வகத்திலேயே தங்க வைத்து, ஒரு பிரிவுக்கு இரவில் 8 மணி நேரம், இன்னொன்றுக்கு 6, மற்றொன்றுக்கு 4 மணி நேரம் மட்டும் தூங்க அனுமதித்தார்கள். திரையில் எண் தெரிந்ததும் பொத்தானை அழுத்தும் எளிய சோதனையில், 6 மணி நேரமும் அதற்குக் குறைவாகவும் தூங்கியவர்கள் இரண்டாவது வார முடிவில் ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களைப் போலத் தடுமாறினார்கள். 'தூக்கம் வருகிறதா' என்று கேட்டால் 'அப்படியொன்றும் இல்லை' என்றார்கள். நெய்வேலியில் நைட் ஷிப்ட் பார்ப்பவரைக் கேளுங்கள், நள்ளிரவில் வேளாங்கண்ணிக்கு வேன் ஓட்டுகிறவரைக் கேளுங்கள். "பழகிப்போச்சு சார்" என்பார்கள். உண்மையாகவே சொல்கிறார்கள். பழகியது மனம்தான், பொத்தானை அழுத்தும் விரல் பழகவே இல்லை.

ஆக, ஆளையே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாததால்தான் கருவி வேண்டியிருக்கிறது. இரண்டு கதவுகள் இருக்கின்றன: தலை, கண்.

தலையை முதலில் பார்ப்போம். ஜெர்மனியில் ஜெனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924ல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். ஐந்து வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து 1929ல் வெளியிட்டார். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே ஆண்டு. அவர் நம்பியதும் கொஞ்சம் விசித்திரம். ஒருவர் மனதில் இருப்பது தூரத்தில் இருக்கும் இன்னொருவர் மனதுக்குப் போய்ச் சேரும் என்று நினைத்து, அந்தச் சக்தியைத் தேடித்தான் மூளைக்குள் மின்சாரம் பார்க்கப் புறப்பட்டார். தேடியது கிடைக்கவில்லை, கிடைத்தது இ.இ.ஜி. தன் மகனின் தலையில்கூட மின்முனை வைத்து அளந்திருக்கிறார்.

அந்த மின்சாரம் எவ்வளவு? சில பத்து மைக்ரோவோல்ட். ஒரு சாதாரண டார்ச் பேட்டரியின் மின்னழுத்தத்தில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் மண்டையோட்டையும் தோலையும் முடியையும் தாண்டி வர வேண்டும். நம் ஊரில் இன்னொரு தடையும் உண்டு. இ.இ.ஜி. எடுக்கும் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். டெக்னீஷியன் பையன் வாசலிலேயே கேட்பான்: "அம்மா, தலைக்கு எண்ணெய் வச்சிருக்கீங்களா?" அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எண்ணெய் வைக்காம எப்படித் தம்பி வீட்டை விட்டு வெளியே வர்றது?" என்பார். அவ்வளவுதான், மறுநாள் சீயக்காயோ ஷாம்புவோ போட்டு நன்றாக அலசிவிட்டு வரச் சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் வந்ததும் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, டேப் வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி குத்தி, அந்த இடத்துத் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பசை தடவி ஒவ்வொரு முனையாக ஒட்டுவார்கள். 1958ல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்துக் கொடுத்த புள்ளிகள் அவை. உலகம் முழுக்க ஒரே இடங்கள்தான். மே மாதக் கடலூர்ப் புழுக்கத்தில் மின்விசிறி நின்றுவிட்டால் போதும். வியர்வை சுரந்ததும் கோடு மெல்ல மெல்ல மேலும் கீழும் மிதக்கத் தொடங்கும். மூளை சோர்ந்ததா, அறையில் புழுக்கமா என்று பிரித்தறிய அனுபவம் வேண்டும். பூமத்திய ரேகைக்கு வெகு தூரத்தில், குளிர்சாதன அறையில் எழுதப்பட்ட கையேடுகள் இதை ஓரிரு வரிகளோடு முடித்துவிடும்.

சரி, எல்லாம் ஒழுங்காக அமைந்துவிட்டது. களைப்பு எப்படித் தெரியும்? கண்ணை மூடிச் சும்மா இருந்தால் பின்மண்டையில் வினாடிக்கு 8 முதல் 13 வரை அலைகள் எழும்பும். அது ஆல்ஃபா. கண்ணைத் திறந்தாலோ கணக்குப் போட்டாலோ அடங்கிவிடும். பெர்கரே கண்டது இது. நீண்ட நேரம் கவனம் கோரும் வேலை செய்தவருக்கு, கண் திறந்திருக்கும்போதே ஆல்ஃபா தலைகாட்டும். முன்நெற்றிப் பக்கம் வினாடிக்கு 4 முதல் 7 வரை வரும் தீட்டா அலைகளும் கூடும். தீட்டா மிகுந்து சில வினாடிகள் ஓங்கினால் ஆள் விழித்த கண்ணோடு தூங்குகிறார் என்று பொருள். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி 3 வினாடியில் 65 மீட்டருக்கு மேல் போய்விடும்.

இதைக் கேட்டதும் தீட்டா கூடினால் களைப்பு என்று நோட்டில் எழுதிக்கொண்டு மாணவர்கள் கிளம்பிவிடக் கூடாது. கடினமான கணக்கில் மூழ்கியிருக்கும் ஆளுக்கும் முன்நெற்றியில் தீட்டா கூடும். உழைக்கிற மூளையும் உழைத்து ஓய்ந்த மூளையும் அங்கே ஏறக்குறைய ஒரே கையெழுத்துப் போடுகின்றன. ஆல்ஃபாவும் அப்படித்தான். 1961ல் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளையலைகளைப் பதிவு செய்தார்கள். தியானத்தில் இருந்தவர்களின் ஆல்ஃபா அலைகள், பளிச்சென்று விளக்கடித்தாலும் பெரும் ஓசை எழுப்பினாலும் கலையவில்லை. 4 டிகிரி குளிர்நீரில் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகக் கையை வைத்திருந்த இருவருக்கும் ஆல்ஃபா தொடர்ந்தது. புதுச்சத்திரத்தைத் தாண்டும்போது கண் சொக்குகிற டிரைவருக்கும் சமாதியில் அமர்ந்த யோகிக்கும் ஆல்ஃபா கூடுகிறது. அலையை மட்டும் பார்த்து ஆளின் நிலையைச் சொல்லிவிட முடியாது. அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார், எத்தனை மணி நேரமாகச் செய்கிறார், அவருடைய வழக்கமான அலை எப்படி இருக்கும் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

களைப்பின் வேதியியலையும் இப்போது எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பாரிஸ் மூளை ஆய்வுக் குழு ஒன்று 2022ல் வெளியிட்ட முடிவின்படி, 6 மணி நேரத்துக்கு மேல் கடினமான சிந்தனை வேலை செய்தவர்களின் முன்மூளைப் புறப்பகுதியில் குளுட்டமேட் என்ற பொருள் கூடியிருந்தது. எளிய வேலை செய்தவர்களுக்குக் கூடவில்லை. கடின வேலை செய்தவர்கள், காத்திருந்தால் கிடைக்கும் பெரிய தொகையை விட்டுவிட்டு உடனே கிடைக்கும் சிறிய தொகையைத் தேர்ந்தெடுக்கவும் செய்தார்கள். சாயங்காலம் எடுக்கும் முடிவுகளை மறுநாள் காலை பார்த்து நொந்துகொள்கிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளலாம்.

இனி கண்.

கண் ஒரு குட்டி மின்கலம். விழியின் முன்பக்கம் பின்பக்கத்தை விடச் சற்று நேர்மின்னழுத்தத்தில் இருக்கும். அதனால் கண் உருண்டாலோ இமைத்தாலோ நெற்றி மின்முனைகளில் பெரிய மேடு விழும். மூளையலையைப் பார்க்க வந்தவர்களுக்கு இது தொல்லை. "கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இன்னொரு கூட்டம் அந்த மேட்டையே எடுத்து வைத்துக்கொண்டது. இமைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எத்தனை தடவை வருகிறது, விழி எவ்வளவு வேகமாகத் தாவுகிறது என்றெல்லாம் அளந்தார்கள்.

இந்தத் தாவலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வரி வரியாகப் படிக்கும்போதும் சாலையைப் பார்க்கும்போதும் நம் விழி வழுக்கிப் போவதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. வினாடிக்கு மூன்று தடவை வரை. பெரிய தாவலில் வேகம் வினாடிக்கு 500 டிகிரியையும் தாண்டும். தாவல் எவ்வளவு தூரமோ அதற்கேற்ற உச்ச வேகம் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த வேகத்தை நாம் நினைத்தபடி கூட்டவும் குறைக்கவும் முடியாது. களைத்தால் குறையும். நடித்துக் காட்ட முடியாத அளவு என்பதால் ஆய்வாளர்களுக்கு இதன்மேல் ஒரு பிரியம். ஸ்பெயினின் கிரனாடா நகரத்து லியாண்ட்ரோ டி ஸ்டாசி, வேறு சிலரோடு சேர்ந்து, இரவுப் பணி முடித்து வந்த பயிற்சி அறுவை மருத்துவர்களைச் சோதித்தார். அறுவைச் சிமுலேட்டரில் அவர்கள் கை தடுமாறவில்லை. விழித்தாவலின் வேகம் மட்டும் குறைந்திருந்தது. கை பிசகுவதற்கு முன்பே கண் சொல்லிவிடுகிறது. இங்கே இருக்கும் மருத்துவ மாணவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது பாப்பா, கருவிழியின் நடுவிலுள்ள துளை. 1964ல் எக்கார்ட் ஹெஸ், ஜேம்ஸ் போல்ட் இருவரும் ஆட்களை மனதுக்குள் பெருக்கச் சொல்லிவிட்டு அவர்கள் கண்ணைப் படம் பிடித்தார்கள். கணக்குக் கடினமாக ஆக, பாப்பா விரிந்தது. அவர்கள் கொடுத்த கடைசிக் கணக்கு 16 பெருக்கல் 23. இப்போதே போட்டுப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் உங்கள் கண்ணைப் பார்க்கட்டும். தெரியவில்லையா? தெரியாது. நம் கருவிழிக்கும் பாப்பாவுக்கும் வெறும் கண்ணால் வித்தியாசம் தெரிவது கஷ்டம். அகச்சிவப்பு விளக்கடித்தால் நம் கருவிழி வெளுப்பாகத் தெரியும், பாப்பா கறுப்பு வட்டமாகத் தனித்து நிற்கும். கேமராவுக்கு நம் கண்கள் வசதியானவைதான், மை தீட்டாத வரையில். நாட்டியாஞ்சலிக்கு ஆட வரும் பெண்ணை இந்தக் கேமரா முன்னால் உட்கார வைத்தால் மைக்கோட்டையும் பாப்பாவையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும். 368. விடை வந்தவர்கள் இனி பாப்பாவைச் சுருக்கிக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றிலும் சாலைக்கு வந்து நின்ற அளவு பெர்க்லோஸ்தான். அமெரிக்காவில் வால்டர் வீர்வில் 1994ல் வகுத்தது. ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை 80 விழுக்காட்டுக்கு மேல் மூடியிருந்தது என்ற கணக்கு. மெதுவாகக் கவிகிற இமையைப் பிடிப்பதால் சாதாரணச் சிமிட்டலோடு குழப்பிக்கொள்ளாது. நம் நாட்டிலும் கரக்பூர் ஐ.ஐ.டி. குழுவினர் 2013ல், இரவு ஓட்டத்துக்கு அகச்சிவப்பு விளக்கோடு, பெர்க்லோஸ் பார்க்கும் கருவியை ஓடுகிற வண்டியிலேயே சோதித்தார்கள். மூளையலையோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் ஓட்டுநர் அசந்தால் எச்சரிக்கும் ஏற்பாடு கட்டாயம்.

மன அழுத்தத்தை இதுவரை தொடவில்லை. வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். களைப்பும் அழுத்தமும் ஒன்றல்ல, சிலவற்றில் நேரெதிர். பயந்தால், பதறினால் பாப்பா விரியும். தூக்கம் கவ்வினால் சுருங்கும், நிலையில்லாமல் அலையும். அழுத்தத்தை ஆய்வகத்தில் உண்டாக்க 1993ல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகம் ஒரு முறை வகுத்தது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் ஒருவரைப் பேச வைத்துவிட்டு, பிறகு 1022லிருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே வரச் சொல்வார்கள். தப்பினால் முதலிலிருந்து. உமிழ்நீரில் கார்ட்டிசோல் ஏறும். மேடையில் நிற்கும் எனக்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

ஆனால் கையில் கட்டும் கடிகாரமும் நெற்றிப் பட்டையும் 'உங்கள் ஸ்ட்ரெஸ் 72' என்று எண் காட்டினால் நான் நம்ப மாட்டேன். அழுத்தத்தில் நெற்றி சுருங்கும், தாடை இறுகும். அந்தத் தசைகளின் மின்சாரம் மூளையின் பீட்டா அலைகள் வரும் அதே இடத்தில் வந்து விழும். நெற்றிப்பட்டை 'மூளை' என்று விற்பதில் பாதி நெற்றித் தசை. பாப்பாவின் கதையும் அதேதான்: ஒரு ஜன்னலைத் திறந்தால் வெளிச்சத்தால் வரும் மாற்றம், மனக் கவலை தரும் மாற்றத்தை விழுங்கிவிடும். களைப்பை அளப்பது ஓரளவு கைகூடிய வித்தை. அழுத்தத்தை அளப்பது இன்னும் கைகூடவில்லை. விற்பனைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

2025 ஜூலை 8 காலை, கடலூரை அடுத்த செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் ஒன்றின்மேல் பாசஞ்சர் ரயில் மோதியது. மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். யார் பொறுப்பு என்று பேச நான் வரவில்லை, அதற்கு விசாரணைகள் உண்டு. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அந்த கேட் அப்போது சிக்னலோடு இணைக்கப்படாமல் இருந்தது. சிக்னலோடு இணைத்திருந்தால், கேட் மூடாமல் ரயிலுக்குப் பச்சை விழாது. இணைக்காத கேட்டில் ஸ்டேஷனிலிருந்து வரும் போனும், அதை எடுக்கும் மனிதரின் விழிப்பும் மட்டும்தான் காவல். நம் ரயில்வேயில் இடைவிட்ட வேலை என்று வகைப்படுத்திய கேட்டுகளில் 12 மணி நேர டூட்டி உண்டு. ஒரு மனித மூளையை இணைப்புக் கம்பியாக வைத்துக்கொண்டு ஓடும் அமைப்பு எது என்று தேடினால், நாட்டில் இன்னும் எத்தனையோ இடம் அகப்படும்.

எஞ்சினுக்குள் வேறு கதை. லோகோ பைலட் ஒரு நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும், பிறகு மணியடிக்கும், அப்போதும் தொடாவிட்டால் பிரேக் விழும். விழிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி என்பார்கள். ஆனால் அது பார்ப்பது கையசைவை மட்டும். பாதித் தூக்கத்திலும் கை பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிடும். அதனால் 2023ல் வடகிழக்கு எல்லை ரயில்வே, லோகோ பைலட்டின் இமைப்பைப் பார்த்து எச்சரிக்கவும் பிரேக் போடவும் ஒரு கருவியை உருவாக்கத் தொடங்கியது. நல்ல யோசனைதான். அதற்கு லோகோ பைலட்கள் தரப்பிலிருந்து வந்த பதிலைக் கேளுங்கள்: ஏற்கெனவே கருவி இருக்கிறது, எங்கள் டூட்டி நேரம், ஓய்வு, சாப்பிடவும் கழிவறைக்குப் போகவும் வழி, இவற்றைப் பாருங்கள். அடுத்த வருடம் ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கேட்டது 46 மணி நேர வார ஓய்வும், தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் இரவு டூட்டி கூடாது என்பதும்.

கருவி மணியடித்தது என்றே வைத்துக்கொள்வோம். இரவு மூன்று மணி, பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் போகிறது. டிரைவரின் இமை 80 விழுக்காடு கவிந்துவிட்டது, கருவி அலறுகிறது. கண்டக்டர் என்ன செய்வார்? "அண்ணே, ஒரு டீ போட்டுட்டுப் போலாம்ணே" என்பார். அதுதான் இன்று கைவசம் இருக்கும் ஒரே மருந்து. மாற்று டிரைவர் வண்டியில் இல்லை. டபுள் டூட்டி பார்த்தவர் என்றால் அவர் வீட்டை விட்டுக் கிளம்பி எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்? 1997ல் ஆஸ்திரேலியாவின் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கணக்கின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நம் சட்டத்தில் வரம்பு 30 மில்லிகிராம். காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கு ஸ்டியரிங்கில் உட்காரும்போதே சட்ட வரம்பைத் தாண்டிய ஆள்தான். ஊதிப் பார்க்கும் கருவி பூஜ்யம் காட்டும். 2025 வரை அமலில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதி வைத்திருந்தது. டிரைவரின் களைப்பை அளக்கும் கருவி எதுவும் சாலைக்கு வராத காலத்தில் எழுதிய சட்டம். இன்றைய எந்தக் கருவியும் அதைத் தப்பென்று சொல்லவில்லை.

மூளையளவை ஆளுக்கு எதிராகத் திருப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே அனுபவம் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் பேராசிரியராக இருந்த சி.ஆர். முகுந்தன் உருவாக்கிய மூளைமின் சோதனை ஒன்று உண்டு. குற்ற நிகழ்வைச் சொல்லும் வாக்கியங்களைச் சந்தேக நபருக்குக் கேட்க வைத்து, மூளையலையைப் பார்த்து, அவர் அதை 'அனுபவித்து அறிந்தவரா' என்று சொல்லும். 2008ல் புனே நீதிமன்றம் ஒன்று கொலை வழக்கில் இதையும் ஏற்றுக்கொண்டு தண்டனை வழங்கியது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவர் சம்மதமில்லாமல் இந்தச் சோதனையையோ நார்கோ, பொய்கண்டறியும் சோதனைகளையோ நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கே தன் மூளையலையை மறுக்கும் உரிமை உண்டு. மாதச் சம்பளத்துக்கு பஸ் ஓட்டுகிறவருக்கும் பாய்லர் பேனல் பார்க்கிறவருக்கும் அது இல்லையா? சட்டத்தின் எழுத்தில் இவை வேறு வேறு என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் வேலை போய்விடும் என்ற பயத்தில் கொடுக்கும் சம்மதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

சீனாவில் ஜெஜியாங் மாகாணத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தலையில் பட்டை கட்டி, கவனம் எவ்வளவு என்று விளக்கின் நிறத்தில் ஆசிரியருக்குக் காட்டினார்கள். 2019ல் வீடியோ வெளியானதும் மக்கள் கொதித்தெழுந்தார்கள், நிறுத்திவிட்டார்கள். பிரெஸ்லாவில் எப்பிங்ஹாஸுக்கு நடந்ததேதான். இங்கே பாடவேளை நீளமா என்று முதலில்கூட யாரும் கேட்கவில்லை. எந்தப் பிள்ளை அசந்தான் என்று மட்டும் கேட்டார்கள்.

வேறு வழியே இல்லையா என்றால், உண்டு, செய்தும் காட்டியிருக்கிறார்கள். நாசா ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் பசிபிக் கடல் தாண்டும் விமானிகளின் தலையிலும் கண்ணோரத்திலும் மின்முனைகளை ஒட்டி, பறக்கும்போதே மூளையலையையும் விழியசைவையும் பதிவு செய்தார்கள். ஒரு பிரிவுக்கு, நடுவானில் முறைவைத்து 40 நிமிட ஓய்வு. மற்றதற்கு இல்லை. ஓய்வு கிடைத்தவர்கள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். பயணத்தின் கடைசி ஒன்றரை மணி நேரத்தில், ஓய்வில்லாத பிரிவில் 120 தடவை மூளை சில வினாடிகள் அசந்தது. ஓய்வெடுத்தவர்களுக்கு 34. தரையிறங்கும் கட்டத்தில் ஓய்வில்லாதவர்களுக்கு 22, ஓய்வெடுத்தவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. எந்த விமானியின் பெயரும் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் ஏறவில்லை. பல நாடுகளில் விதி மாறியது, அமெரிக்கா இன்னும் அசைந்து கொடுக்கவில்லை.

நம் விமானத்துறை இயக்குநரகமும் 2024 ஜனவரியில் விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கியது, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையை 6லிருந்து 2ஆகக் குறைத்தது. அது முழுமையாக அமலுக்கு வந்த அடுத்த மாதமே, 2025 டிசம்பரில், இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. இரவு டூட்டி விதிகளில் தற்காலிக விலக்கும் பெற்றது. மூளை எவ்வளவு தாங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பிறகும், போதுமான ஆளெடுக்க ஆகும் செலவு அதைத் தள்ளிப்போட்டுவிட்டது.

நம் மாவட்டத்தில் தொடங்க இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். பல்கலைக்கழகத்திலும் மருத்துவக் கல்லூரியிலும் இ.இ.ஜி. தெரிந்தவர்கள், உடலியல் படித்தவர்கள், நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். டிங்கஸின் பத்து நிமிடப் பொத்தான் சோதனையை ஒரு போனிலேயே செய்யலாம். விருப்பப்பட்டு வரும் டிரைவர்கள், கேட் கீப்பர்கள், ஷிப்ட் ஆபரேட்டர்களிடம் டூட்டிக்கு முன்னும் பின்னும் எடுங்கள். பெயரை வாங்காதீர்கள்; எந்த ரூட், எந்த ஷிப்ட், தொடர்ந்து எத்தனையாவது இரவு என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பேரிடம் கண் கேமராவும் வைத்து ஒப்பிடுங்கள். மூன்றாவது இரவில் எல்லோருடைய விரலும் தாமதிக்கிறது என்று தெரிந்தால் அது எந்தத் தனி மனிதரின் குறையும் இல்லை, டூட்டி சார்ட்டின் குறை. அந்தக் காகிதத்தை நிர்வாகத்தின் மேசையிலும் தொழிற்சங்கத்தின் மேசையிலும் ஒரே நாளில் வையுங்கள். நிர்வாகம் பெயர்ப் பட்டியல் கேட்கும், கட்டாயம் கேட்கும். கொடுக்க முடியாது என்பதை சோதனை தொடங்குமுன்னரே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் தாமதமாகிவிடும்.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.